பார்வை ஞாயிறு

விடுதியில் வளர்ந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வயிற்றில் ஒரு பிசைவு வரும். எழுபது வயதாகியும் எனக்கு அது போகவில்லை. உங்களில் யாராவது "எனக்கு அப்படியெல்லாம் இல்லை" என்று சொன்னால், நீங்கள் விடுதியில் இருந்ததே இல்லை என்றுதான் நான் சொல்வேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மாலையே வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். தொலைபேசியில் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினால் போதும், மறுநாள் தாய் வந்து நிற்கிறாள். நமக்கு அப்படியா? மாதத்தில் ஒரு ஞாயிறு. அதைத்தான் நாங்கள் பார்வை ஞாயிறு என்போம்.

நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஒரு வருடம். மலாயாவில், கோல சிலாங்கூரில், கலங்கரை விளக்குக் குன்றுக்கு ஏறுகிற பாதையை ஒட்டி எங்கள் விடுதி இருந்தது. பலகை வீடு, தகரக் கூரை. மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவள் பேசுவது கேட்காது. ஆற்று முகத்திலிருந்து காற்றடித்தால் சேற்று வாடையும் காயப்போட்ட மீன் வாடையும் சேர்ந்து வந்து பாயில் படுத்துக்கொள்ளும். சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்களில் பள்ளிக்கூடம் சரியில்லாததால் அங்கே வந்து தங்கிப் படித்த பெண்பிள்ளைகள் நாங்கள். கிராணிமார் பிள்ளைகள், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் பிள்ளைகள், கங்காணி வீட்டுப் பிள்ளைகள். என் அப்பா ஆற்றுக்கு மேல்புறத்தில் ஒரு தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கெழுதி ஆட்களை மேய்க்கிற உத்தியோகம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். விடுதியை நடத்திய அம்மாவும் அந்தப் பக்கத்து ஆள்தான். இளம் வயதில் கணவனை இழந்தவர். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, கையில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து. எங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துக்கொள்வார். அந்தக் கண்ணுக்கும் தப்பிய ஒன்றைத்தான் இப்போது சொல்ல வருகிறேன்.

முதலில் சனிக்கிழமையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு ஞாயிறு விளங்காது.

சனிக்கிழமை முழுக்கத் தண்ணீர்தான். காலையில் தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக் கிணற்றடியில் வரிசையாக உட்காருவோம். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குத் தேய்த்துவிட வேண்டும். சீயக்காய் கண்ணில் பட்டு ஒருத்தி அழ, அவளைப் பார்த்து இன்னொருத்தி அழ, அந்த ஓலம் ஓயவே பொழுது போய்விடும். பிறகு அவரவர் துணியை அவரவரே துவைக்க வேண்டும். பிறகு ஈர்வாங்கிக் கொண்டு பேன் பார்ப்பது. பிறகு சுளகில் அரிசி போட்டுக் கல் பொறுக்குவது. சிலேட்டைக் கரியும் இலையும் போட்டுத் தேய்த்துக் கறுப்பாக்குவது. மத்தியானம் இடியப்பமும் சொதியும். சமையல்கார அக்காவின் சொதியை இன்றைக்கு நினைத்தாலும் நாக்கு ஊறுகிறது. பாவம், அவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்.

வெயில் தாழ்ந்ததும் இரண்டிரண்டு பேராகக் கைகோத்துக் குன்றுமேல் நடப்போம். விடுதியம்மா குடையோடு பின்னால் வருவார். மேலே பழைய பீரங்கிகள் கிடக்கும், சாம்பல் நிறக் குரங்குகள் அவற்றின்மேல் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்க்கும். அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கடல். மறுபக்கம் ரப்பர் காடு, அதன் நடுவே ஆங்காங்கே நூல்போல எழும் புகை. ரப்பர் பாலை உறையவைத்துத் தகடாக்கிப் புகைபோடுகிற கொட்டகைகளிலிருந்து வருகிற புகை அது. ஒவ்வொருத்தியும் ஒரு புகையைக் காட்டி "அது எங்கட தோட்டம்" என்பாள். எது யாருடையது என்று ஒருத்திக்கும் தெரியாது. ஆனாலும் அதற்காகச் சண்டை பிடிப்போம்.

அந்த வருடம் ஒரு புதுப்பிள்ளை வந்தாள்.

மோட்டார் காரில் வந்து இறங்கினாள். எங்கள் விடுதி வாசலுக்குக் கார் வந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ஜெராம் பக்கத்துத் தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசாணி, கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளையின் தாய் காய்ச்சலில் செத்துப்போய்ச் சில நாள்தான் ஆகியிருந்தது. தகப்பன் மரம் வெட்டுகிற ஆள், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பவர். விடியும் முன்னே ரப்பர் மரத்தில் கத்தியோடு நிற்க வேண்டியவர், பிள்ளையை யாரிடம் விடுவார்? துரைசாணிக்கு மனம் இளகி இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டார். தகப்பனிடம் பார்வை ஞாயிறு எது என்று சொல்லியிருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் துரை வேலையை விட்டார், இருவரும் சீமைக்குக் கப்பலேறிவிட்டார்கள்.

வந்த அன்றைக்கு நாங்கள் வைத்த பெயர் "புதுப்பிள்ளை." அவளுக்குப் பிறகு இன்னும் எத்தனையோ பேர் வந்தும் அவள்தான் கடைசிவரை புதுப்பிள்ளை. என் பாய்க்குப் பக்கத்துப் பாய் அவளுடையது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று சமையல்கார அக்கா கேலி செய்வார். அவ்வளவு அமைதி. ஆனால் அப்பாவைப் பற்றி மட்டும் பேசுவாள்.

"எங்கப்பாரு வருவாரு. சொல்லியிருக்காரு," என்பாள்.

குன்றில் எல்லோரும் புகைக்குச் சண்டை பிடிக்கும்போது அவள் மட்டும் தெற்கே ஒரு புகையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பாள். கைநீட்டிக் காட்டக்கூட மாட்டாள்.

பார்வை ஞாயிறு எப்படி நடக்கும் என்றால், காலைப் பிரார்த்தனை முடிந்ததும் தலைவாரிப் பூ வைத்து, கூடத்தில் நீள வாங்கில் எங்களை உட்காரவைப்பார்கள். கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். எட்டிப் பார்க்கக்கூடாது. வராந்தாத் தூணில் ஒரு வெண்கல மணி தொங்கும். ஏதோ கப்பலிலிருந்து கழற்றி வந்தது என்பார்கள். வருகிற பெற்றோர் படியேறி வந்து அந்த மணியை அடிக்க வேண்டும். விடுதியம்மா வெளியே போய்ப் பார்ப்பார். பிறகு கூடத்துப் பக்கம் திரும்பி, பெயரைச் சொல்லி, "பிள்ளை, உனக்கு ஆக்கள் வந்திருக்கினம்" என்பார். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் வாங்கை விட்டு எழும்பலாம். மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாங்கில் இருக்கிற அத்தனை பேருக்கும் மூச்சு நிற்கும். ஒருத்தி எழுந்து போவாள், மற்றவர்கள் கொஞ்சம் நகர்ந்து அவள் இடத்தை நிரப்புவோம்.

பிள்ளைகள் வராந்தாப் படியைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். வாசல் கதவு கீழே இருந்தது. அங்கிருந்து வரும் பாதை செம்பருத்தி வேலிக்குள் வளைந்து மேலேறும். கதவடியில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். வராந்தாவில் நின்றால் அதன் உச்சி தெரியும், அடி தெரியாது. வருகிறவர்களின் மாட்டுவண்டிகளெல்லாம் அந்த நிழலில்தான் நிற்கும்.

முதல் பார்வை ஞாயிறில் புதுப்பிள்ளை வாங்கில் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் போய், வாங்கின் ஒரு நுனியில் அவள் மட்டும். பொழுது சாய்ந்து விடுதியம்மா விளக்கேற்ற வரும்போதும் கை மடியில்தான் இருந்தது. "எழும்பு பிள்ளை, இனி ஒருத்தரும் வராயினம்," என்றார் விடுதியம்மா. கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னார்.

அடுத்த மாதமும் அப்படியே. என் அம்மா மனம் பொறுக்காமல் அவளை எங்களோடு கூப்பிட்டு உட்காரவைத்துப் பனங்கட்டியும் முறுக்கும் கொடுத்தார். அவள் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. எல்லாவற்றையும் பாவாடை நுனியில் முடிந்துகொண்டாள். சில நாள் கழித்து அவள் பெட்டிக்கு எறும்பு சாரை சாரையாகப் போவதைக் கண்டு விடுதியம்மா திறந்து பார்த்தார். உருகின பனங்கட்டி, நமுத்துப்போன முறுக்கு.

"உதென்ன பழக்கம், தின்னாமல் ஒளிச்சு வைக்கிறது? இஞ்ச உன்னை ஆர் பட்டினி போட்டது?"

"எங்கப்பாரு வந்தா குடுக்கங்கம்மா."

விடுதியம்மா பெட்டியை மூடினார். அன்றைக்கு அவளைத் தண்டிக்கவில்லை. ஆனால் சமையல்கட்டில் அக்காவிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "தாயில்லாத பிள்ளை எண்டால் தகப்பனுக்குப் பாரம்தான். தலைமுழுகிப் போட்டான். வேற கலியாணமும் கட்டியிருப்பான்." அக்கா "இருக்கும்" என்றார். பெரியவர்கள் இரண்டு பேர் ஒரு காரியத்தைப் பேசி முடித்துவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று அப்போது நான் நம்பியிருந்தேன்.

இனி அந்தக் கொட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பார்வை ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை. வரிசையாகப் பள்ளிக்கூடம் போக வாசலைத் தாண்டும்போது, தூங்குமூஞ்சி மரத்தின் வேரில் ஒரு குவியல் ரப்பர் கொட்டை கிடக்கும். பளபளவென்று, யாரோ துணியால் துடைத்து வைத்த மாதிரி. பக்கத்தில் வாழையிலைக் கிழிசலும் சோற்றுப் பருக்கையும் சிதறிக் கிடக்கும். குரங்குகள் பிய்த்துப்போட்டவை. வண்டிக்காரர்கள் தின்றுவிட்டுப் போட்டது என்று நாங்கள் இலையைக் கண்டுகொள்ளவில்லை. கொட்டைக்குத்தான் பாய்வோம். ஞாபகமிருக்கிறதா உங்களுக்கு, ரப்பர் கொட்டையைச் சிமெந்தில் தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்தில் இருப்பவள் தொடையில் வைப்பது? என் தொடையில் ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது. அதை வைத்துக் கல்விளையாட்டும் ஆடுவோம். கொக்கான் வெட்டுவது என்று நாங்கள் சொல்வோம், அவள் அஞ்சாங்கல் என்பாள்.

ஆனால் புதுப்பிள்ளை அந்தக் கொட்டைகளை விளையாடத் தரமாட்டாள். விளையாடி முடித்தவர்களிடம் கெஞ்சியாவது வாங்கி ஒரு பழைய பால் டப்பாவில் போட்டுக்கொள்வாள். டப்பாவைக் குலுக்கினால் கலகலவென்று ஒரு சத்தம் வரும். அதைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். அந்த டப்பா பிறகு எங்கே போயிற்றோ. அவளே எனக்குக் கொடுத்திருந்தால் நான் தொலைத்திருக்க மாட்டேன்.

இன்னொரு பார்வை ஞாயிறும் அவளுக்கு ஆளில்லாமல் கழிந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பாவாடை நாடாவில் முடிந்திருந்த ஒற்றைக் கொட்டையை எடுத்தாள். தோட்டத்திலிருந்து வரும்போதே கொண்டுவந்தது. டப்பாவிலிருந்து அன்று காலையில் பொறுக்கியவற்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"பாரு. ஒரே கோலம்."

எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பழுப்பில் கறுப்புப் புள்ளியும் கீறலும், எல்லாக் கொட்டையும் அப்படித்தானே என்றேன். அவள் தலையை ஆட்டினாள். ஒரு மரத்துக் கொட்டையெல்லாம் ஒரே கோலம் போட்டிருக்கும், அடுத்த மரத்தின் கோலம் வேறு என்றாள். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் அது தெரியுமாம். நான் கிராணி பங்களாவில் வளர்ந்தவள், எனக்குத் தெரியாது. உற்றுப் பார்த்தேன். மெய்தான். எல்லாவற்றிலும் நடுவில் ஒரு கோணல் கீறல், அதன் இரண்டு பக்கமும் மீன்முள் போலச் சின்னக் கோடுகள்.

"இது எங்க லயத்து வீட்டு முன்னாடி இருக்கிற மரம். எங்கம்மா இதும் கீழதான் உக்காந்து அரிசி பொடைக்கும். எங்கப்பாரு வந்துட்டுப் போறாரு."

அதே சூட்டில் விடுதியம்மாவிடம் ஓடினாள். விடுதியம்மா சாவிக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டையை வாங்கிப் பார்த்தார். பார்க்கத்தான் செய்தார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"ரப்பர் கொட்டை எல்லாம் ஒண்டுபோலத்தான் பிள்ளை. உன்ர அப்பா வந்தவரெண்டால் இந்தப் படியேறி மணி அடிச்சிருப்பார்தானே? வந்தவர் ஏன் உன்னைப் பாராமல் போறார்?"

அவள் கொட்டையைத் திரும்பவும் நாடாவில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள். எனக்கும் அது சரியான கேள்வியாகத்தான் பட்டது.

அந்த வாரமே விடுதியம்மா அவளுக்கு ஒரு முடிவு செய்துவிட்டார். தோட்டத்துக்கு ஆள்விட்டுக் கேட்டாராம். புதுத் துரைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆட்கள் வருவதும் போவதுமாய் இருக்கிறார்கள் என்று பதில் வந்ததாம். பினாங்கில் ஒரு அநாதை இல்லம் இருந்தது. அதை நடத்துகிறவர் விடுதியம்மாவுக்குத் தெரிந்தவர். அடுத்த பார்வை ஞாயிறுக்கு மறுநாள் வந்து புதுப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. "அங்கை எல்லாப் பிள்ளையளும் உன்னைப் போலத்தான். ஒருத்தருக்கும் ஆக்கள் வராயினம். வாங்கில இருந்து பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை," என்று அவளிடம் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார் என்பது இப்போது எனக்கு விளங்குகிறது. அப்போது எனக்கு ஒன்றுதான் தோன்றியது. பினாங்குக்குப் போய்விட்டால் ஜெராமிலிருந்து யார் நடந்து வந்து பார்ப்பது?

புதுப்பிள்ளை அழவில்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். சனிக்கிழமை குன்றுமேல் போனபோது முதல்முறையாகக் கைநீட்டி அந்தத் தெற்குப் புகையை எனக்குக் காட்டினாள். "அது எங்க தோட்டமான்னு தெரியல. இருந்தாலும் பாத்து வச்சுக்க," என்றாள்.

அந்த ஞாயிறும் வந்தது. அவள் தகரப்பெட்டி கட்டி வாங்குக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. மடியில் பால் டப்பா. வழக்கம்போல மணி அடிக்க அடிக்க ஒவ்வொருத்தியாக எழுந்து போனோம். என் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா தானே ஒற்றை மாட்டு வண்டி ஓட்டி வருவார். வெள்ளைக் கோட்டில் புழுதி படிந்திருக்கும், அதைத் தட்டிக்கொண்டேதான் படியேறுவார். அம்மா வழக்கம்போலப் புதுப்பிள்ளையையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுத் தட்டைவடை கொடுத்தார். அவள் அதையும் பாவாடை நுனியில் முடியத் தொடங்கினாள்.

"தின்னன் பிள்ளை. நாளைக்குப் போறாயாமே," என்றார் அம்மா.

அவள் வடையை வைத்துவிட்டு, என்ன நினைத்தாளோ, டப்பாவைத் திறந்து கொட்டைகளை என் அப்பாவின் காலடியில் கொட்டினாள். கிராணி என்றால் ரப்பரைப் பற்றித் தெரிந்தவர் என்று நினைத்திருப்பாள். "ஐயா, நீங்க பாத்துச் சொல்லுங்கய்யா. இதெல்லாம் ஒரே மரந்தான?"

அப்பா குனிந்து ஒன்றை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஓம். ஒரு மரம்தான். எங்கை எடுத்தனீ?"

"வாசல்ல, அந்தப் பெரிய மரத்தடிலங்க. நீங்கல்லாம் வந்துட்டுப் போனா, மக்யா நாளு கெடக்கும்."

"உன்ர அப்பா என்ன வேலை?"

"மரம் வெட்டுறாருங்க."

அப்பாவின் கை அப்படியே நின்றது. செம்பருத்தி வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாதவர் போல மெதுவாகப் பேசினார். "கீழ ஒருத்தன் நிக்கிறவன். ஒவ்வொரு முறையும் நிக்கிறவன். நான் வண்டிக்காரன் எண்டு நினைச்சன். குரங்குக்கு மாடு மிரளுது, பிடிச்சுக்கொள் எண்டு கயித்தைக் குடுத்திட்டுத்தான் வாறனான். ஒருக்கா என்னட்டக் கேட்டவன், ஐயா, எப்பங்க கூப்புடுவாங்க எண்டு. நான் கூப்பிடுவினம், அங்கையே நில் எண்டு சொல்லிப்போட்டு மேல வந்திட்டன்."

விடுதியம்மா வராந்தாவுக்கு வந்திருந்தார். "அப்ப ஏன் அந்த மனுசன் மேல வரேல்லை? மணி கிடக்குதுதானே?"

அதற்குப் புதுப்பிள்ளைதான் சொன்னாள். இத்தனை நாள் அவளிடம் இல்லாத பதில் அப்போதுதான் அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

"கூப்புடாம எப்படிங்கம்மா வருவாரு? பெரட்டுல பேரு கூப்புட்டாத்தான் ஆபீசு படிக்கிட்ட போகணும். கூப்புடாம ஏறினா கிராணி ஐயா அடிப்பாரு."

பெரட்டு என்பது உங்களில் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. என் அப்பா தினமும் செய்த வேலை அதுதான். அப்பா அந்தத் தோட்டத்துக் கிராணி இல்லை, அந்த மனிதரை ஒருநாளும் அடித்தவரும் இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளை அதைச் சொன்னபோது அவர் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். என் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அந்த வராந்தாவில் நின்ற பெரியவர்கள் எல்லோரும் படித்தவர்கள், இரக்கமுள்ளவர்கள். மாதாமாதம் விடிய முன் ஜெராமிலிருந்து நடந்து வந்த ஒருவர், தங்கள் வண்டி மாட்டைப் பிடித்துக்கொண்டு, தன் பெயரை யாராவது கூப்பிடுவார்கள் என்று பொழுது சாயும்வரை நின்றுவிட்டு, கொண்டுவந்த சோற்றையும் கொட்டையையும் மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பார்கள். இங்கே கையை நீட்டலாம் என்பதே அவருக்குத் தெரியாது.

"நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்," என்று அப்பா எழுந்தார்.

புதுப்பிள்ளை அதற்குள் படி விளிம்புக்குப் போய்விட்டாள். மூச்சை இழுத்துக் கூப்பிட்டாள். "அப்பா" என்று கூப்பிடவில்லை. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பெரட்டுக் களத்தில் கிராணிமார் கூப்பிடுகிற மாதிரியே, முன்னெழுத்தை இழுத்து, பின்னெழுத்தை வெட்டி, மரியாதை ஒன்றும் ஒட்டாமல். தகப்பன் பெயரை அப்படிக் கூவுகிற பிள்ளையை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒருத்தி கூப்பிட்டது போதும்.

வேலிக்கு அப்பாலிருந்து உடனே குரல் வந்தது.

"இருக்கேனுங்க!"

பாதை வளைவில் ஒருவர் ஓடி வந்தார். மெலிந்த ஆள். தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் வைத்திருந்தார். கையில் எங்கள் மாட்டின் கயிறு. பிடித்துக்கொள் என்று சொல்லியிருந்ததால் விடத் தெரியாமல் மாட்டையும் இழுத்துக்கொண்டே வந்துவிட்டார். படிக்குக் கீழே வந்து நின்றார். தலை குனிந்திருந்தது. மேலே யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"யாருங்க கூப்புட்டது?"

"நாந்தாம்பா."

அவர் நிமிர்ந்தார். அந்த முகத்தை எழுத எனக்குத் தெரியாது, எழுதவும் போவதில்லை. என் அப்பா படியிறங்கிப் போய்க் கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கை காலியான பிறகும் அவர் படியில் கால் வைக்கவில்லை.

"மேல வாப்பா. இங்க யாரும் கூப்புட மாட்டாங்க. அந்த மணிய நம்மளே அடிக்கணும்," என்றாள் அவள்.

அவர் மணியைப் பார்த்தார். பிறகு என் அப்பாவைப் பார்த்தார். "அடிக்கலாமுங்களா ஐயா?"

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

அவர் ஏறிவந்து மணியில் கை வைத்தபோது புதுப்பிள்ளை "இருப்பா, இரு" என்று தடுத்தாள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கூடத்துக்குள் ஓடினாள். வாங்கில் தன் வழக்கமான நுனியில் போய் உட்கார்ந்தாள். பாவாடையை இழுத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். எட்டிப் பார்க்கவில்லை. பிறகுதான் உள்ளிருந்து சொன்னாள்.

"இப்ப அடிப்பா."

அவர் அடித்தார். ஒரே ஒரு தடவை, மெதுவாக. விடுதியம்மா அவருக்கு நேர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடத்துப் பக்கம் திரும்பி, மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்வதைப் போலவே அவள் பெயரைச் சொன்னார்.

"பிள்ளை, உனக்கு ஆக்கள் வந்திருக்கினம்."

அவள் எழும்பினாள்.